எட்டுக்கு ஆறு

பிஸ்கட் டப்பாவை மடியில் திறந்து வைத்துக்கொண்டு தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்திருந்த ரங்கராஜுக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. டப்பாவுக்குள் கிடக்கிற ப்ரொப்பெல்லர்களில் ஒன்றை எடுத்து, பக்கத்தில் கிடக்கிற மாதிரி விமானத்தின் மூக்கில் மாட்ட வேண்டும். வழக்கமாக அதற்கு ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம்கூட ஆகாது. இன்றைக்கு விரல்கள் டப்பாவைத் துழாவிக்கொண்டே இருந்தனவே தவிர, கண் மைதானத்தின் நடுவை விட்டு நகரமாட்டேன் என்றது. நடுவில் அவர் மனைவி சுகந்தாமணி நின்றாள். அவளுக்குப் பின்னால், ஒட்டியும் ஒட்டாமலும், ஜெபசிங் நின்றான். அவளுடைய வலது கை நேராக நீண்டிருந்தது, அந்தக் கையின் மேல் அவன் கை இருந்தது. கம்பி விமானம் சொல்லித்தருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள், வேறு மாதிரி நிற்கவே முடியாது. இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகளின் முனையில் விமானம் வட்டமடிக்கும், நடுவில் நிற்கிறவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அதன் கூடவே திரும்பிக்கொண்டிருக்க வேண்டும், புதிதாகப் பழகுகிறவரின் கையைப் பின்னால் நிற்பவர் தன் கையால் மூடிக்கொண்டு இருவரும் ஒரே ஆள் மாதிரி சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் கால் பின்னிக்கொண்டு இருவரும் விழ வேண்டியதுதான். ரங்கராஜே எத்தனையோ கல்லூரிப் பையன்களுக்குப் பின்னால் அப்படி நின்றிருக்கிறார். அவர்களுடைய வியர்வை நாற்றமும் தலை எண்ணெய் நாற்றமும் இன்னும் மூக்கில் இருக்கிறது. அதுதான் தொந்தரவு. பின்னால் நிற்பவனுக்கு முன்னால் நிற்பவரின் தலை எண்ணெய் எவ்வளவு கிட்டத்தில் மணக்கும் என்று இந்த மைதானத்தில் வேறு யாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். சுகந்தாமணி நேற்று தலைக்குக் குளித்து இன்று காலை செம்பருத்தி எண்ணெய் வைத்திருந்தாள். எதற்கு? ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வர எண்ணெய் எதற்கு? இத்தனை வருஷம் வைத்துக்கொண்டு வந்தாளா? வந்திருப்பாள். வந்திருக்கலாம். அவருக்கு நினைவில்லை, அவர் அவளுடைய தலையைக் கவனித்ததில்லை, அவர் கவனித்ததெல்லாம் விமானத்தை.

விரலுக்கு மர ப்ரொப்பெல்லர் தட்டுப்பட்டது. எடுத்தார். ஒன்பதுக்கு நாலு. முதல் எண் நீளம், அங்குலத்தில். இரண்டாவது, ஒரு தடவை சுழன்றால் அது காற்றைத் துளைத்துக்கொண்டு எவ்வளவு முன்னால் போகும் என்கிற கணக்கு. இது நீளம், ஆனால் சாய்வு கம்மி, ஆகையால் எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் விமானம் அவசரப்படாது, மெதுவாக, மாப்பிள்ளை ஊர்வலம் போகிற வேகத்தில் போகும். முதல் தடவை தனியாகக் கைப்பிடி பிடிக்கிறவர்களுக்கு இதைத்தான் போட வேண்டும், தலை சுற்றாது, யோசிக்க நேரம் கிடைக்கும். அதற்குக் கீழே கறுப்பு நைலான் ஒன்று கிடந்தது. எட்டுக்கு ஆறு. குட்டை, சாய்வு அதிகம். அதைப் போட்டால் விமானத்துக்கு வெறி பிடித்துவிடும், நடுவில் நிற்கிறவர் பம்பரமாகத் திரும்ப வேண்டும், பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்ச நேரத்திலேயே வானமும் பூமியும் இடம் மாறும், பையன்கள் சிலர் கைப்பிடியைப் போட்டுவிட்டு வாந்தி எடுத்ததையும் அவர் பார்த்திருக்கிறார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மரத்தை எடு, மாட்டு, நட்டை முறுக்கு. ஆனால் மைதானத்தில் இறங்கும்போதே ஜெபசிங் சொல்லிவிட்டானே. "அண்ணாச்சி, தங்கச்சிக்கு ஒம்போதுக்கு நாலு போட்டிருங்க, என்னா?" என்று, பாடம் நடத்துகிற மாதிரி, அவருடைய டப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னான். என் டப்பா. என் விமானம், என் எஞ்சின், என் பெண்டாட்டி, கை மட்டும் அவனுடையது. இப்போது நான் மரத்தை மாட்டினால் அவன் சொன்னதற்காக மாட்டினதாக ஆகும். அவன் சொல்லாமல் இருந்தால் நானே மாட்டியிருப்பேன், மாட்டி முடித்து இந்நேரம் ஃப்ளாஸ்கில் இருக்கிற டீயைக் குடித்திருப்பேன். ரங்கராஜ் மரத்தைத் திரும்ப டப்பாவுக்குள் வைத்தார். வைத்துவிட்டு மறுபடி எடுத்தார்.

எல்லாம் அவருடைய இடுப்பினால் வந்தது. பம்புசெட் கம்பெனியில் குனிந்து குனிந்து பரிசோதனை பார்த்த இடுப்பு இந்தக் கோடையில் ஒருநாள் பிடித்துக்கொண்டது, பிடித்தது விடவேயில்லை, டாக்டர் கட்டாந்தரையில் படுக்கச் சொல்லிவிட்டார். முதல் ஞாயிற்றுக்கிழமை சுகந்தாமணி வெந்நீர்ப் பையைக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றாள். "ஏனுங்க, நான் மட்டும் கிரவுண்டுக்குப் போயிட்டு வரட்டுங்களா? ஜெபசிங் அண்ணனுக்குப் பிடிக்க ஆளில்லையாமா" என்று கேட்டாள். அண்ணன். அந்த ஆள் ஏர்ஃபோர்ஸில் எஞ்சின் பார்த்துவிட்டு ஓய்வு பெற்று, பொங்கலுக்குப் பிறகுதான் கிளப்பில் சேர்ந்தான், அதற்குள் அண்ணன் ஆகிவிட்டான். போயிட்டு வா என்று இவர்தான் சொன்னார். பெருந்தன்மையாகச் சொன்னார், தனக்கே தன் பெருந்தன்மை பிடித்துப்போய் அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கவும் தூங்கினார், முட்டாள். பிடிப்பது என்றால் சாதாரணமில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிற விமானத்தின் பின்புறத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மண்டிபோட்டிருக்க வேண்டும், நடுவில் இருக்கிறவர் கைகாட்டியதும் விட வேண்டும், தள்ளக்கூடாது, இழுக்கக்கூடாது, வெறுமனே விட வேண்டும், விட்டதும் கம்பி தலைக்கு மேல் போகும்படி புல்லோடு புல்லாகக் குனிந்துகொள்ள வேண்டும். சுகந்தாமணியைப் போல விடுவதற்குக் கோயமுத்தூரில் ஆள் இல்லை. கல்யாணமான வருஷத்திலிருந்து அவருக்கு அவள்தான் பிடித்தாள், மகள் வயிற்றில் இருந்தபோது மட்டும் இல்லை. விளக்கெண்ணெயும் மண்ணெண்ணெயும் ஈதரும் கலந்த அந்தப் புகை பட்டு அவளுடைய சேலை ஒன்றுகூட வாடை இல்லாமல் இருக்காது. ஒருமுறை வீட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டே, "இன்னைக்கு வேற விசிறி மாட்டினீங்களா? கையில இழுவை வேற மாதிரி இருந்துச்சுங்க" என்றாள். மாட்டியிருந்தார். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்கவில்லை, சிரித்தார். அந்தக் கையைத்தான் இரவல் கொடுத்திருக்கிறார். இரவல் போன கை என்னவெல்லாம் கற்றுக்கொண்டது என்று யாருக்குத் தெரியும்.

தெரிந்தது மொட்டை மாடியில். இடுப்பு கொஞ்சம் தேவலையாகி, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படி ஏறிப் போனவர் அங்கே கொடியில் காய்கிற துணிகளுக்கு நடுவே அவளைப் பார்த்தார். சாதக் கரண்டியைச் செங்குத்தாகப் பிடித்து, கையை நேராக நீட்டி, நின்ற இடத்திலேயே சின்னச் சின்ன அடியாக வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். கண் கரண்டிக்கு அப்பால் இல்லாத ஒன்றைத் தொடர்ந்து போனது. வாய் லேசாகத் திறந்திருந்தது. இவர் நிற்பதைப் பார்த்ததும் கரண்டியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "துணி காஞ்சுருச்சான்னு பாத்தனுங்க" என்றாள். பொய் சொல்லத் தெரியாத முகம். அதுதான் சுட்டது, சுற்றியது இல்லை. இந்த வயதில் அவளிடம் ஒளித்து வைக்க ஒன்று இருக்கிறது, அந்த ஒன்று இவருக்குத் தெரியாமல் இன்னொருவனுக்குத் தெரியும். கேட்டிருந்தால் சொல்லிக்கொடுத்திருப்பேனே என்று நினைத்துப் பார்த்தார், அப்படி நினைத்த மாத்திரத்தில் ஞாபகம் வந்தது, அவள் கேட்டிருக்கிறாள். மகளை விடுதியில் சேர்த்துவிட்டு வந்த அந்த வெறிச்சோடிய நாட்களில் ஒருநாள், இதே மரத்தடியில், "நான் ஒருக்கா ஓட்டிப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டாள். "உனக்குத் தலை சுத்தும் மணி. நீ பிடிச்சாப் போதும், உன்ன மாதிரிப் பிடிக்க ஆரு இருக்கறா?" என்றார் இவர். பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னார். அவளும் சிரித்த மாதிரிதான் இருந்தது. அந்தச் சிரிப்பை இப்போது எடுத்துப் பார்த்தால் அது சிரிப்பாக இல்லை. அதனால்தான் இன்றைக்கு அவள் தனியாக ஓட்டட்டும் என்று ஜெபசிங் சொன்னபோது இவரும் தலையாட்டிவிட்டார்.

நடுவில் ஜெபசிங் ஏதோ சொன்னான், அவள் தலையை ஆட்டினாள். கம்பியில் இன்னும் விமானம் மாட்டவில்லை, வெறும் கைப்பிடியை வைத்துத்தான் ஒத்திகை. மணிக்கட்டை மடக்காதீங்க, தோளிலிருந்து ஆட்டுங்க, அதைத்தான் சொல்லியிருப்பான், வேறென்ன சொல்லப் போகிறான். அதைச் சொல்ல மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டுமா? வாயால் சொன்னால் போதாதா? வார்த்தைக்கு வார்த்தை தங்கச்சி என்கிறான். தங்கச்சி என்று கூப்பிட்டுவிட்டால் கையைப் பிடிக்க லைசென்ஸ் கொடுத்துவிடுவார்களா? ஆள் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறான், அதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், தொப்பை இல்லை, வெள்ளைத் தொப்பி, ஏர்ஃபோர்ஸ் நடை, குனிந்தால் நிமிர முடிகிற இடுப்பு. காலையில் வந்ததும் வராததுமாக, "வெந்நீர் ஒத்தடம் தொடந்து குடுக்கியளா அண்ணாச்சி?" என்று விசாரித்தான். என் இடுப்புக்கு ஒத்தடம் கொடுப்பது இவனுக்கு எப்படித் தெரியும்? அவள் சொல்லியிருக்க வேண்டும். இடுப்பைச் சொன்னவள் வேறு என்ன சொல்லியிருப்பாள்? நான் தூக்கத்தில் குறட்டை விடுவதை? ப்ரொமோஷன் கிடைக்காத வருஷம் நான் ஒரு மாதம் யாருடனும் பேசாமல் இருந்ததை? 'உனக்குத் தலை சுத்தும்' என்று நான் சொன்னதை? அதைச் சொல்லியிருப்பாள். சொல்லி, அவன் சிரித்திருப்பான். இன்றைக்கு அவள் சுடிதார் போட்டு வந்திருக்கிறாள், மகள் தீபாவளிக்கு வாங்கிக்கொடுத்து, "எனக்கெதுக்குடி இது" என்று பீரோவில் மடித்து வைத்த சுடிதார். சுற்றும்போது சேலை காலில் சிக்கும் என்று அவன் சொல்லியிருப்பான். சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். நான் சொல்லியிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவன் சொல்வதெல்லாம் சரியாக இருப்பதுதான் ரங்கராஜுக்குத் தாங்கவில்லை. ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பான பேச்சு பேசியிருந்தான் என்றால் நிம்மதியாக அவனை வெறுத்துவிட்டு டீ குடிக்கலாம்.

மர ப்ரொப்பெல்லர் கையில் இருந்தது. கறுப்பு நைலானும் கையில் இருந்தது, எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை. இதைப் போட்டால் என்ன? ஒன்றும் ஆகாது. விமானம் கொஞ்சம் வேகமாகப் போகும், அவ்வளவுதான். கொஞ்சம் தலை சுற்றும். சுற்றட்டுமே. ஒரு நாலைந்து சுற்று சுற்றியதும் முகம் வெளுக்கும், கால் தடுமாறும், 'ஐயோ, இது நமக்காகாதுங்க' என்று கைப்பிடியை நீட்டுவாள், அப்போது நான் போய் வாங்கிக்கொள்வேன், திட்டமாட்டேன், 'நான்தான் அன்னைக்கே சொன்னேனே மணி' என்றுகூடச் சொல்லமாட்டேன், தோளைப் பிடித்து நிழலுக்குக் கூட்டிவந்து டீ ஊற்றிக் கொடுப்பேன். அடுத்த வாரம் எல்லாம் பழையபடி. நான் நடுவில், அவள் வாலடியில், அவன் எங்கேயோ ஓரத்தில். இந்த நினைப்பு எவ்வளவு இதமாக இருந்தது என்றால், ரங்கராஜ் அதை இன்னொரு தடவை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார். இரண்டாவது தடவை அவள் விழுந்தாள். விழவும் விழலாம். விமானம் தரையில் மோதி மூக்கு உடையலாம், உடைந்தால் செய்துகொள்ளலாம், ஆனால் தடுமாறிக் கையை இறக்கினால் கம்பி தளர்ந்து விமானம் அவள் மேலேயே வரலாம். ப்ரொப்பெல்லர் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும், வலது ஆள்காட்டி விரலின் நுனியில் நகம் பாதிதான் இருக்கிறது. சீ, என்ன மனுஷன் நான் என்று அவர் தன்னைக் கேட்டுக்கொண்டார். நைலானைக் கீழே வைக்கப் போனார். அப்போதுதான் மனசு, மகா கெட்டிக்கார மனசு, காற்றைக் கொண்டுவந்து கொடுத்தது. ஆனி கடைசி. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று கிளம்புகிற காலம். இப்போது இலை ஆடவில்லை, சரி, வெயில் ஏறினால் எப்படியும் கிளம்பும். காற்று வந்தால் மெதுவாகப் போகிற விமானம்தான் ஆபத்து, காற்று வருகிற பக்கத்துக்குப் போனதும் அதை வட்டத்துக்குள்ளே தள்ளிவிடும், கம்பி தொய்ந்துவிடும், வேகமாகப் போகிறதுதான் கம்பியை விறைப்பாக வைத்துக்கொள்ளும். ஆக, யோசித்துப் பார்த்தால், எட்டுக்கு ஆறுதான் பத்திரம். அவளுடைய பத்திரத்துக்காகத்தான். அனுபவத்தில் சொல்வது. ரங்கராஜ் தலையை நிமிர்த்தி மரத்தைப் பார்த்தார். தூங்குமூஞ்சி மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. கறுப்பு நைலானை எஞ்சினில் செருகி, வாஷரைப் போட்டு, ஸ்பேனரால் நட்டை முறுக்கினார். வேண்டியதைவிட ஒரு முறுக்கு அதிகமாகவே முறுக்கினார்.

நிமிர்ந்தபோது இருவரும் பக்கத்தில் நின்றார்கள். சுகந்தாமணியின் நெற்றியில் வியர்வை, மூக்கு நுனி சிவந்திருந்தது, பெண் பார்க்கப் போன அன்றைக்கு இருந்த மாதிரி. "எது மாட்டினீங்க?" என்று கேட்டாள். "சின்னது" என்றார். குரல் இயல்பாக வந்ததில் அவருக்கே ஆச்சரியம். ஜெபசிங் குனிந்து பார்த்தான். "எட்டுக்கு ஆறா போட்டிருக்கிய? மொதல் தடவையில்லா அண்ணாச்சி? தங்கச்சிக்குக் கிறுகிறுன்னு வந்துராதா?" என்றான். காற்று வரும் என்று சொல்ல ரங்கராஜ் வாயைத் திறந்தார், பொய் என்று அதற்குள் அவருக்கே பட்டது. அவருக்கு முன்னால் சுகந்தாமணி பேசினாள். "அவரு போட்டாச் சரியா இருக்குமுங்கண்ணா. என்ற கை அவருக்குத் தெரியுமுங்க." அவ்வளவுதான். சொல்லிவிட்டுக் குனிந்து மகளின் பழைய கான்வாஸ் ஷூவின் கயிற்றை இறுக்கினாள். ஜெபசிங் தோளைக் குலுக்கி, "அப்பம் சரி. நான் வேணா பிடிக்கட்டா? அண்ணாச்சி இடுப்பு..." என்று இழுத்தான். "இல்லீங்க, அவரே பிடிக்கட்டும்" என்றாள் அவள், ஷூவைப் பார்த்துக்கொண்டே. ஸ்பேனர் ரங்கராஜின் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்து, நட்டைத் தளர்த்தி, மரத்தை மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்? 'கொஞ்சம் இரு மணி, மாத்திடறேன்' என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தையைச் சொல்வதற்கு அவனுக்கு முன்னால் சொல்ல வேண்டுமே. அவன் போகட்டும், போனதும் சொல்கிறேன். அவன் போனான், ஓரத்துக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவளும் போய்விட்டாள், நடுவை நோக்கி, கம்பியைத் தாண்டித் தாண்டி, திரும்பிப் பார்க்காமல். இத்தனை வருஷமும் அந்த நடை நடந்தவர் அவர். பின்னாலிருந்து பார்த்தால் அது இப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

ஊசிக்குழலால் டாங்கில் எண்ணெய் ஏற்றினார். கம்பிகளை விமானத்தில் கொக்கி போட்டார். ப்ரொப்பெல்லரை விரலால் தட்டினார், எஞ்சின் இருமியது, மறுபடி தட்டினார், சடாரென்று பிடித்துக்கொண்டு அலறியது, நைலானுக்கே உரிய கீச்சுக் குரல், நடுவில் நிற்கிறவளுக்குக் கேட்டிருக்கும், கேட்டால் வேகம் தெரிந்திருக்கும், தெரிந்தும் அவள் அசையவில்லை. இடுப்பு கத்தியது. மண்டிபோட்டு விமானத்தை இரண்டு கையாலும் பிடித்தார். பிடித்ததும்தான் அது நடந்தது. அவருடைய பெருவிரலுக்குப் பக்கத்தில், வாலின் பின் மடல் மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போய் நடுவில் நின்றது. அங்கே அவள் கைப்பிடியை ஆட்டிச் சோதிக்கிறாள், அவளுடைய தோள் கம்பி வழியாக வந்து இங்கே என் விரலடியில் அசைகிறது. இது இப்படித் தெரியும் என்று ஒருவரும் சொன்னதில்லையே. சொல்ல வேண்டியவள் அவள்தான், இத்தனை வருஷமும் இந்த இடத்தில் மண்டிபோட்டிருந்தவள். போட்டி நாட்களில் அவர் நடுவில் போய் நின்றதும் தூரத்திலிருந்து, "பயப்படாம ஓட்டுங்க" என்று கத்துவாள். பயம் என்று இவளுக்கு யார் சொன்னது என்று எரிச்சலாக வரும், வெளியே ராஜா மாதிரித்தான் நிற்பார். இதுதான் சொல்லியிருக்கிறது. இந்த மடல். அவருடைய கை நடுங்கினால் இது நடுங்கியிருக்கும், அவள் ஒவ்வொரு தடவையும் பார்த்திருக்கிறாள், ஒரு தடவைகூடக் கேலி செய்ததில்லை. ரங்கராஜ் மடலையே பார்த்தார். நடுங்கட்டும், கொஞ்சம் நடுங்கட்டும் என்று வேண்டிக்கொண்டு பார்த்தார். அது அடித்து வைத்த ஆணி மாதிரி நின்றது.

அவள் இடது கையைத் தூக்கினாள். விட வேண்டும். உள்ளங்கையில் எஞ்சின் அதிர்ந்தது, விமானம் முன்னால் முன்னால் போகத் தவித்தது, முகத்தில் எண்ணெய்த் துளிகள் தெறித்தன, பின்கழுத்தில் சில்லென்று ஏதோ பட்டது. காற்று. மைதானத்து ஓரத்தில் ஒரு பாலித்தீன் பை புரண்டு ஓடியது. வந்துவிட்டதே. வெயில் ஏறினால் வரும் என்று வாய்க்கு வந்ததை மனசு சொன்னது, அது நிஜமாகவே வந்துவிட்டது. இப்போது மரத்தைப் போட்டிருந்தால் தப்பு. அப்படியென்றால் நான் செய்தது சரியா? சரியானதைத்தான் செய்தேன், ஆனால் அதற்காகச் செய்யவில்லை. எதற்காகச் செய்தேன் என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அவள் கையைத் தூக்கியபடியே நின்றாள். விட வேண்டும். விடுவதற்கு ஒன்றுமே செய்ய வேண்டாம், விரலைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. டாங்க் கொஞ்சம்தான், இப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் எண்ணெய் தீர்ந்து எஞ்சின் தானாக நின்றுவிடும், 'என்னமோ கோளாறு, இன்னைக்கு வேண்டாம்' என்று எழுந்து போய்விடலாம், காற்று வேறு வந்துவிட்டது, யாரும் தப்புச் சொல்லமாட்டார்கள். அவள் கையை இறக்கி மறுபடி தூக்கினாள். ஜெபசிங் ஓரத்திலிருந்து ஏதோ கத்தினான், எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. இதற்குக் காரணம் அவன் இல்லை. ரங்கராஜுக்கு அப்போது வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது, அவன் இல்லவே இல்லை, அந்த ஆள் ஊரைவிட்டே போனாலும் இந்த எரிச்சல் போகாது. அதோ அந்த நடு இடம், சின்ன மண் வட்டம், அவருடைய செருப்பு தேய்த்துத் தேய்த்துப் புல் முளைக்காமல் போன இடம், அங்கே அவள் நிற்கிறாள், தைரியமாக நிற்கிறாள், அவருக்கு நடுங்கிய கை அவளுக்கு நடுங்கவில்லை. அதுதான் பொறுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் கையைத் தூக்கி அவள் விடாமல் இருந்தது உண்டா? மழை வரும்போல இருந்தபோது, காய்ச்சலோடு வந்தபோது, முந்தின ராத்திரி சண்டை போட்டு ஒரு வார்த்தை பேசாமல் பஸ்ஸில் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைகூட, தூக்கினார், விட்டாள். "விடுங்க!" என்று கேட்டது. எஞ்சினை மீறிக்கொண்டு கேட்டது. அவள் அப்படிக் கத்தி அவர் கேட்டதேயில்லை. விரல்கள் திறந்தன.

விமானம் புல்லில் குதித்துக்கொண்டு ஓடி, துள்ளி எழுந்தது. ரங்கராஜ் இடுப்பை மறந்து குப்புற விழுந்தார், கம்பி தலைக்கு மேல் விர்ரென்று போனது, புல் வாசனையும் விளக்கெண்ணெய்ப் புகையும் மூக்கில் ஏறின. கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். அவள் சுற்றிக்கொண்டிருந்தாள். மொட்டை மாடியில் சுற்றிய அதே சின்னச் சின்ன அடி, அதே திறந்த வாய், ஆனால் அன்றைக்குக் கரண்டிக்கு அப்பால் இல்லாத விமானம் இப்போது இருந்தது, மஞ்சளாக, கீச்சென்று கத்திக்கொண்டு, கம்பியைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி விறைப்பாக. காற்றடிக்கிற பக்கம் போகும்போது ரங்கராஜ் புல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இறக்கை ஒரு குலுங்கு குலுங்கியது, கம்பி மட்டும் தொய்யவில்லை. அவள் ஓர் அடி பின்னால் வைத்து வாங்கிக்கொண்டாள், யார் சொல்லிக்கொடுத்தது, அவனா, இல்லை இத்தனை வருஷம் புல்லில் கிடந்து என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டதா. விமானம் அவர் தலைக்கு மேல் கடக்கும்போதெல்லாம் அவள் முகமும் இந்தப் பக்கம் வந்தது, வந்து போனது, அவர் மேல் ஒரு தடவைகூட நிற்கவில்லை. அவளுக்கு அவர் புல். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, நடுவில் நிற்பவருக்கு வாலடியில் இருப்பவர் தெரியமாட்டார், அவருக்கும் தெரிந்ததில்லை. தெரியாமலே எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள். புல்லில் கன்னத்தை வைத்துக்கொண்டு, விழுந்துவிடாதே, விழுந்துவிடாதே என்று அவர் முணுமுணுத்தார், கொஞ்ச நேரத்துக்கு முன்னால் விழ வேண்டும் என்று நட்டை முறுக்கிய அதே ஆள்.

எண்ணெய் தீர்ந்து எஞ்சின் நின்றது. விமானம் சத்தமில்லாமல் அரை வட்டம் சறுக்கி வந்து புல்லில் உட்கார்ந்தது. ஓரத்தில் இருந்த கிளப்காரர்கள் கைதட்டினார்கள், ஜெபசிங் தொப்பியைக் கழற்றி ஆட்டினான். சுகந்தாமணி கைப்பிடியைத் தரையில் வைத்தாள், நேராக நடக்கப் பார்த்தாள், பூமி விடவில்லை, சாய்ந்து சாய்ந்து ரங்கராஜிடம் வந்து சேர்ந்து அவர் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். அவளுடைய கை இப்போதுதான் நடுங்கியது, பயத்தில் இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. "நல்ல காத்து அண்ணாச்சி!" என்று ஜெபசிங் கத்திக்கொண்டே வந்தான். "ஒம்போதுக்கு நாலு போட்டிருந்தா இந்நேரம் மண்ணுதான். நீங்க முன்னாடியே கணக்குப் போட்டுட்டிய, நாந்தான் புரியாமப் பேசிட்டேன்." சுகந்தாமணி கண்ணைத் திறக்காமலே, "நாந்தான் சொன்னனே" என்றாள். ரங்கராஜ் சட்டைப் பையிலிருந்த ஸ்பேனரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஜெபசிங் கம்பி சுருட்டப் போனான். அவன் போகிற வரைக்கும் அவள் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள், கண் இன்னும் லேசாகச் சுழன்றுகொண்டுதான் இருந்தது, ஆனால் பார்வை அவர் மேல் நின்றது.

"இன்னொருக்கா ஓட்டட்டுங்களா?"

"ஓட்டு."

"நீங்களே பிடிங்க." தோளிலிருந்த கையை எடுத்து, அவர் கன்னத்தில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டாள். குரலைத் தணித்துக்கொண்டாள். "ஆனா நான் கையைத் தூக்கினா உடனே விட்டுரோணுமுங்க."

ரங்கராஜ் எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு விமானத்தை எடுத்துவரப் போனார்.